காய்ச்சலின் முதல் இரண்டு நாள்கள்: பெருந்தொற்று இன்புளுவென்சாவை வன்னிக் கிராமங்களில் எப்படித் தடுக்கலாம்?

முத்தையன்கட்டு வாத்தியார் எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எனக்கு நன்கு தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில், ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளையைப் பரிசளிப்பு விழாவில் மேடையேற்றிப் பரிசு கொடுப்பார்கள். கடந்த கார்த்திகையில் அங்கே தரம் நான்கில் படிக்கும் ஒரு சிறுமி இரவெல்லாம் காய்ச்சலில் அனுங்கியிருக்கிறாள். காலையில் தாய் அரைப் பனடோலைக் கரைத்துக் கொடுத்து, சூடு சற்று இறங்கியதும் தலையை இறுக்கிப் பின்னி அனுப்பிவிட்டார். அவள் மேசையில் கன்னத்தை வைத்தபடி இருமிக்கொண்டிருந்ததை அலுவலாக அங்கே சென்ற நானே கண்டேன். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த வகுப்பின் முப்பத்திரண்டு பிள்ளைகளில் பதினேழு பேர் வரவில்லை. தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் வராவிட்டால் பரிசு போய்விடும் என்று பிள்ளை அழுதால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வார். அப்படியொரு பரிசை வைத்திருக்கும் நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இதை எழுதும்போது 2009 நினைவுக்கு வருகிறது. மே 18 அன்று போர் முடிந்தது. அதிலிருந்து இருபத்து நான்காம் நாள், ஜூன் 11 அன்று, எச்1என்1 இன்புளுவென்சாவை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்போது எங்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் இருந்தோம். பெரும்பாலானோர் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில். அம்மையும் மஞ்சட்காமாலையும் அங்கே கூடாரம் கூடாரமாகப் பரவியதை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தறப்பாளுக்குக் கீழ் இரண்டு குடும்பங்கள், பதினொரு பேர். ஒருவர் இருமத் தொடங்கினால் ஒரு கிழமைக்குள் பதினொருவரும் இருமுவோம். அந்த இருமல் எந்தக் கிருமியினால் வந்தது என்று எவரும் சோதிக்கவில்லை. ஆகவே அதுதான் அந்தப் பெருந்தொற்று என்று நான் சொல்ல வரவில்லை. நெருக்கமாக இருப்பவர்களிடையே மூச்சுவழி நோய் எந்த வேகத்தில் ஓடும் என்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான்.

இனியொரு இன்புளுவென்சாப் பெருந்தொற்று வருமானால் தடுப்பூசி எங்கள் ஊருக்கு வந்து சேரப் பல மாதங்கள் எடுக்கும். அதுவரையில் எங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்பது என் எண்ணம்: காய்ச்சல் கண்டவர் முதல் இரண்டு நாள்களை எங்கே, யாருடன் கழிக்கிறார் என்பது. விபரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

இரணைமடுக் காற்று எழுதியது:

வாத்தியார் ஐயா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கிளிநொச்சியில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் முதல் இரண்டு நாள்கள் ஏன் முக்கியமானவை என்பதை விளக்குகிறேன்.

இன்புளுவென்சாக் கிருமி உடலுக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சலைக் காட்டும். அறிகுறி தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பிருந்தே அவரிடமிருந்து கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாள்களில் அது உச்சத்தில் இருக்கும். வளர்ந்தவர்களில் ஐந்து முதல் ஏழு நாள்களில் ஓயும். சிறு பிள்ளைகளில் இன்னும் நீளலாம். ஆகவே மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குப் போய் மருந்துத் துண்டு வாங்கி, நான்காம் நாள் ஓய்வெடுப்பதால் நோயாளிக்கு நன்மை உண்டு. ஊருக்கு நன்மை குறைவு. பரவ வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் பரவியிருக்கும்.

பனடோல் சூட்டைத்தான் இறக்குகிறது. கிருமி வெளியேறுவதை நிறுத்துவதில்லை. அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்துக்குப் போனபோது உடம்பில் சூடு குறைந்திருந்தது, ஆனால் இருமலில் கிருமி இருந்தது. பனடோல் இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பின்னரே பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று நாங்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

வழக்கமான பருவகாலக் காய்ச்சலுக்கும் பெருந்தொற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இன்புளுவென்சா பொதுவாகச் சித்திரை முதல் ஆனி வரையும், கார்த்திகை முதல் தை வரையும் கூடுதலாகத் தென்படும். அவை பழகிய கிருமிகளின் சிறு மாற்றங்கள். எங்கள் உடல்களில் அவற்றுக்கு எதிரான பழைய எதிர்ப்புச் சக்தி ஓரளவாவது இருக்கும். ஆனால் ஏ வகை இன்புளுவென்சாவின் மரபுப் பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. பறவைக் கிருமியொன்றும் மனிதக் கிருமியொன்றும் ஒரே உடலில், உதாரணமாக ஒரு பன்றியில், ஒரே நேரத்தில் புகுந்துவிட்டால், இரண்டு வீட்டு நெல்லை ஒரே களத்தில் கொட்டியதுபோல அந்தத் துண்டுகள் கலந்துவிடும். அதிலிருந்து மனிதரிடையே பரவக்கூடிய, ஆனால் எந்த மனித உடலும் முன்பு கண்டிராத ஒரு புதிய கிருமி பிறந்தால், அதுவே பெருந்தொற்றாகிறது. 1957 இலும் 1968 இலும் வந்த பெருந்தொற்றுகள் இவ்வாறு பறவைக் கிருமியின் துண்டுகளைக் கலந்துகொண்டு வந்தவையே. 2009 இன் கிருமி பன்றிகளிடையே சுற்றியவற்றின் கலப்பிலிருந்து வந்தது.

கட்டுக்கரைப் பறவை எழுதியது:

நான் மன்னார்ப் பக்கம். 1918 ஆம் ஆண்டின் பெருந்தொற்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. உலகம் முழுவதும் ஐந்து கோடிப் பேர்வரை இறந்ததாக மதிப்பிடப்படும் அந்த நோய், இலங்கைக்குள் கொழும்புத் துறைமுகம் வழியாகவும் தலைமன்னார் இறங்குதுறை வழியாகவும் புகுந்து பரவியதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 இல் தொடங்கிய கப்பல் சேவையும், அங்கிருந்து புறப்பட்ட புகையிரதமும் மனிதரோடு சேர்த்து நோயையும் ஏற்றிவந்தன. இலங்கையின் இழப்பு ஒரு இலட்சத்துக்கும் குறைவு என்று முன்பு எழுதியிருந்தார்கள். பிற்கால ஆய்வொன்று மூன்று இலட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறது. நாங்கள் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறோம், எங்களுக்கு வராது என்ற நினைப்பு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பொய்த்துப் போயிற்று.

என் கேள்வி வேறொன்று. வங்காலைக்கும் கட்டுக்கரைக் குளத்துக்கும் ஒவ்வொரு மாரியிலும் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. என் வளவில் இருபது நாட்டுக்கோழிகள் நிற்கின்றன. பறவைக் காய்ச்சலுக்கு நாங்கள் எவ்வளவு பயப்பட வேண்டும்?

இரணைமடுக் காற்று எழுதியது:

தங்கச்சி, பயப்பட வேண்டியதில்லை; விழிப்பாக இருக்க வேண்டும். காட்டு வாத்துகளே இன்புளுவென்சாவின் இயற்கையான இருப்பிடம். அவை பெரும்பாலும் நோயின்றியே கிருமியைச் சுமக்கும். பறவைக் காய்ச்சல் கிருமியான எச்5என்1 முதன்முதலில் மனிதரைத் தாக்கியது 1997 இல் ஹொங்கொங்கில். பதினெட்டுப் பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தார்கள். 2003 இலிருந்து உலகில் பதிவான மனிதத் தொற்றுகள் ஆயிரத்தை ஒட்டியவையே, ஆனால் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரிழந்தார்கள். அந்தக் கிருமி பற்றிக்கொள்ளக்கூடிய இடங்கள் மனிதரில் நுரையீரலின் அடிப்பகுதியிலேயே அதிகம் என்பதால், அது எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் கடுமையாகத் தாக்குகிறது. 2024 இல் அமெரிக்காவில் பால் மாடுகளிலும் அது கண்டறியப்பட்டதால்தான் உலகம் அதைக் கூர்ந்து பார்க்கிறது.

உங்கள் வளவுக்கு நான் சொல்வது இதுதான். குளத்து நீரைக் கோழிகளுக்கு வைக்காதீர்கள். வளர்ப்பு வாத்து இருந்தால் கோழியோடு சேர்த்து அடைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: கோழி தூங்கத் தொடங்கினால், சாவதற்குள் அறுத்துக் கறியாக்கிவிடுவது. நன்கு வெந்த கறியால் ஆபத்தில்லை; அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் கையும் மூக்கும் கிருமிக்கு அருகே போகின்றன. இரண்டு மூன்று கோழிகள் ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவித்துவிட்டு, அவர் சொல்லும் வரையில் பிள்ளைகளைக் கூட்டின் பக்கம் விடாதீர்கள்.

மாந்தைகிழக்கு மருத்துவமாது எழுதியது:

எல்லோரும் கிருமியைப் பற்றி எழுதுகிறீர்கள். வீட்டுக்கு வீடு போகும் நான் நோயாளியைப் பற்றி எழுதுகிறேன்.

வன்னியில் மாரிகாலக் காய்ச்சலை உடனே இன்புளுவென்சா என்று முடிவுகட்டக் கூடாது. வயலுக்குள் இறங்கியவருக்குக் கெண்டைக்கால் நோவோடும் கண் சிவப்போடும் காய்ச்சல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமதித்தால் அது சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். டெங்கு இன்னொரு பக்கம். ஆகவே காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர அஸ்பிரினோ, இபுபுரூபனோ, கடையில் தரும் நோக்குளிசையோ எடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் குருதிக்கசிவு கூடும். இன்புளுவென்சா பெரும்பாலும் திடீரென்றுதான் தாக்கும்: காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் கடும் காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை நோ, உடம்பெல்லாம் உழைவு என்று படுத்துவிடுவார். வெறும் தடிமன் மெல்ல மெல்லத்தான் வரும். இரண்டு நாள்களுக்கு மேல் காய்ச்சல் நின்றால், எது என்று நீங்களே முடிவு செய்யாமல் குருதிப் பரிசோதனைக்குப் போங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கும் கணக்கு உங்களுக்கு இல்லை. 2009 இல் உலகெங்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் கர்ப்பிணிகள் முன்னணியில் இருந்தார்கள். ஒசெல்டமிவிர் என்ற மருந்து காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். ஆகவே கர்ப்பிணியோ, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ, அறுபத்தைந்து கடந்தவரோ, நீரிழிவும் ஆஸ்துமாவும் உள்ளவரோ முதல் நாளிலேயே வைத்தியரிடம் போக வேண்டும். மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, உதடு நீலமாதல், தட்டி எழுப்பினாலும் மயக்கமாகவே கிடத்தல், பிள்ளை பால் குடிக்க மறுத்தல், விட்ட காய்ச்சல் மறுபடி திரும்பிக் கடுமையாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் நோயாளர் காவுவண்டியை அழையுங்கள். காய்ச்சல் திரும்பி வருவது பெரும்பாலும் நுரையீரலில் வேறொரு கிருமி குடியேறிவிட்டதன் அடையாளம். 1918 இல் இறந்தவர்களில் மிகப் பலர் அதனால்தான் இறந்தார்கள், அன்று அதற்கு மருந்தும் இருக்கவில்லை.

கொத்தமல்லித் தண்ணீர் குடியுங்கள். அது உடலில் நீர் வற்றாமல் காக்கும். நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதால் மூக்கடைப்பு இலேசாகும். கிருமி அதனால் சாகாது. ஆனால் கொதிநீர்ப் பானையோடு பிள்ளையைப் போர்வைக்குள் வைக்காதீர்கள். தொடை வெந்த பிள்ளையொன்றை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான்.

கனகராயன் கரை எழுதியது:

அனைவரும் எழுதியதை வாசித்தேன். நல்ல விடயங்கள்தான். ஆனால் நான் நாட்கூலிக்குப் போகிறவள். மூன்று பிள்ளைகள், கணவர் இல்லை. காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டிலிருந்தால் இரண்டு நாள் சம்பளம் இல்லை. மூன்றாம் நாள் அந்த வேலையும் இன்னொருவருக்குப் போயிருக்கும். 2020 பங்குனியில் ஊரடங்கு போட்டபோது, வீட்டிலிருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னவர்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் அரிசி முடிந்தது. நோயைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை. காய்ச்சல் கண்டவரைத் தனியறையில் படுக்க வைக்கவும் வழியில்லை. எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறையும் ஒரு விறாந்தையும். இதற்கு ஒரு வழி சொல்லாமல் முதல் இரண்டு நாள்களைப் பற்றிப் பேசுவதால் என்ன பயன்?

முத்தையன்கட்டு வாத்தியார் எழுதியது:

பிள்ளை, நீங்கள் எழுதியதைப் பல தடவை வாசித்தேன். நான் தொடக்கத்தில் எழுதியதில் ஒரு பெரிய குறை இருந்தது. எங்கே கழிக்கிறார், யாருடன் கழிக்கிறார் என்று கேட்ட நான், எதைச் சாப்பிட்டுக் கழிக்கிறார் என்று கேட்கவில்லை.

வழி முற்றிலும் இல்லாமலும் இல்லை. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டை எங்கள் ஊர் எப்படி நடத்தியது என்பதை நினைத்துப் பாருங்கள். படலையில் வேப்பிலை கட்டியிருந்தால் எவரும் உள்ளே போக மாட்டார்கள். அந்த வீட்டாரும் கோயிலுக்கோ கொண்டாட்டத்துக்கோ போக மாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனிக் கோப்பை. அம்மை முன்பே கண்டு தேறிய ஒருவரே பணிவிடை செய்வார். அதே நேரம் அயலவர் இளநீரும் அரிசியும் படலையடியில் வைத்துவிட்டுப் போவார்கள். என் ஆச்சி ஒரு பனையோலைப் பெட்டியில் பயறும் சர்க்கரையும் வைத்து, வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, பெட்டியை எடுக்கும் வரையில் தள்ளி நிற்பதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். ஒதுக்கலும் உணவும் ஒன்றாகவே வந்தன. காய்ச்சலுக்கு அந்த இரண்டையும் நாங்கள் செய்யவில்லை. 2020 இல் ஒதுக்கலை மட்டும் செய்தோம். தனிமைப்படுத்தல் ஒட்டி ஒட்டிய வீட்டாரைக் குற்றவாளிகளைப்போலப் பார்த்தோம்.

எங்கள் ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் சிறு நிதி இருக்கிறது. மரண உதவிக்கு ஒவ்வொரு வீடும் மாதம் கொடுக்கும் சந்தா அது. செத்தவீட்டுக்கு எடுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் காய்ச்சல் வீட்டுக்கும் எடுக்கலாம் என்று விதியை மாற்றினால், கூலிக்குப் போகும் ஒருவருக்கு மூன்று நாள் அரிசியும் பருப்பும் கொடுக்க அது போதும். காய்ச்சலென்று முதல் நாளே சொன்னவருக்குத்தான் இது கிடைக்கும் என்றால், மறைப்பவர்களும் குறைவார்கள்.

ஒற்றையறை வீட்டைப் பற்றி இரணைமடுக் காற்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

இரணைமடுக் காற்று எழுதியது:

ஒற்றையறை வீட்டில் விறாந்தையே நோயாளிக்கு ஏற்ற இடம். மழைச் சாரல் அடிக்காத பக்கத்தில் கட்டிலைப் போட்டு, நுளம்பு வலை கட்டிவிடுங்கள். மற்றவர்கள் உள்ளே படுக்கட்டும். இருமலில் பறக்கும் பெரிய துளிகள் ஒன்று இரண்டு மீற்றருக்குள் விழுந்துவிடும். நுண்ணிய துளிகள் அடைத்த அறையின் காற்றில் தங்கிநிற்கும். திறந்த விறாந்தையில் காற்று அவற்றைக் கலைத்துவிடும். எங்கள் பழைய மண்வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையில் இருந்த வெளி வீணாக விடப்பட்டதல்ல. இன்றைய கல்வீடுகளில் மாரிக்கு யன்னலைச் சாத்திவிட்டு எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். பேருந்தும் அப்படித்தான். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு மழைநாளில் வரும் பேருந்தில் எல்லாக் கண்ணாடிகளையும் இழுத்து மூடிவிடுவார்கள். உள்ளே மூச்சின் ஆவி கண்ணாடியில் படிந்து வழியும். அந்த ஆவி அத்தனை பேரின் நுரையீரலிலிருந்தும் வந்தது. நான்கு விரல் அகலத்துக்காவது யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நோயாளியும் அவரைப் பார்ப்பவரும் முகக்கவசம் அணிய வேண்டும். ஒருவருக்கு மட்டுமே கிடைக்குமானால் இருமுபவருக்கு அணிவியுங்கள். கை கழுவச் சாதாரண சவர்க்காரம் போதும். இந்தக் கிருமியின் வெளியுறை கொழுப்பாலானது; சட்டியில் படிந்த எண்ணெயைக் கரைப்பதுபோலச் சவர்க்காரம் அதைக் கரைத்துக் கிருமியைச் சிதைத்துவிடும். சிறுபோகக் காலத்தில் கிணறு வற்றும் ஊர்களில், பிளாஸ்ரிக் போத்தலின் மூடியில் துளையிட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால், மெல்லிய நீரோட்டத்திலேயே ஒருவர் கைகழுவி முடிக்கலாம்.

கட்டுக்கரைப் பறவை எழுதியது:

திருவிழாக்களைப் பற்றி எவரும் பேசவில்லை. மடுவில் ஆவணித் திருநாளுக்கும், வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கும் நாடு முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். பெருந்தொற்று வந்தால் அவற்றை நிறுத்த வேண்டுமா? நிறுத்தச் சொன்னால் ஊர் ஏற்குமா?

முத்தையன்கட்டு வாத்தியார் எழுதியது:

1918 புரட்டாதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், நோய் ஊருக்குள் வந்துவிட்டது தெரிந்தும், போர்நிதி திரட்டும் ஊர்வலமொன்றை நடத்தினார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் தெருவில் திரண்டார்கள். சில நாள்களுக்குள் வைத்தியசாலைகள் நிரம்பிவிட்டன. சென் லூயிஸ் நகரமோ தொடக்கத்திலேயே பள்ளிக்கூடங்களையும் அரங்குகளையும் கூட்டங்களையும் நிறுத்தியது. அங்கே இறப்பு விகிதம் வெகுவாகக் குறைவாக இருந்தது. காலம் தாழ்த்தி நிறுத்தியவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை.

நான் வற்றாப்பளை அம்மனை நம்பி வளர்ந்தவன். ஆகவே இதை மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன்: பொங்கல் நடக்க வேண்டும், பூசகர் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்; நாங்கள் அந்த ஆண்டு வீட்டு முற்றத்தில் பானை வைக்கலாம். இந்த முடிவை அதிகாரிகள் கடைசி நேரத்தில் அறிவிப்பதைவிட, நோயில்லாத காலத்திலேயே ஆலய நிர்வாகங்களும் பங்குத்தந்தையரும் சுகாதார வைத்திய அதிகாரியும் உட்கார்ந்து, எந்த நிலையில் எதைச் செய்வது என்று எழுதிவைப்பது நல்லது. எழுதப்படாததால்தான் ஒவ்வொரு தடவையும் சண்டையில் முடிகிறது.

கனகராயன் கரை எழுதியது:

வாத்தியார் ஐயா, சந்தா விதியைப் பற்றி எங்கள் சங்கத் தலைவியிடம் பேசினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார். அரிசி கொடுப்பதற்கு முன் காய்ச்சல் உண்மையா என்று பார்க்க வேண்டும் என்று இருவர் கேட்டார்கள். சங்கத்துக்கு ஒரு வெப்பமானி வாங்கலாம் என்று நான் சொன்னேன். வீட்டுக்கு வீடு ஒன்றையே கொண்டுபோனால் அதுவே நோயைக் கொண்டுபோகாதா?

மாந்தைகிழக்கு மருத்துவமாது எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி. மின்கலத்தில் வேலை செய்யும் வெப்பமானியை வாங்குங்கள்; கண்ணாடியில் பாதரசம் உள்ளது வேண்டாம். வாயில் வைக்காமல் கக்கத்தில் வைத்து, ஒலி கேட்கும் வரையில் கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். எடுத்தவுடன் நுனியைச் சவர்க்காரமிட்ட பஞ்சினால் துடைத்து, பின் மருந்தகத்தில் விற்கும் ஸ்பிரிட்டினால் துடைத்துக் காயவிடுங்கள். வெந்நீரில் போடாதீர்கள், பழுதாகிவிடும். கொண்டுபோகிறவர் முகக்கவசத்தோடு முற்றத்தில் நின்று கொடுத்து, முற்றத்திலேயே வாங்கட்டும். சூடு இல்லை, ஆனால் பனடோல் குடித்திருக்கிறார் என்றால், அவருக்கும் அரிசியைக் கொடுத்துவிடுங்கள்.